ஐந்து திரும்பின

ஆறு துண்டுகள் கொடுத்துவிட்டு வந்தேன்,
உள்ளங்கை அகலம், பின்பக்கம் எண் ஒட்டியது.
க்தினியா துறைமுகத்துக்குப் பின்னால்
நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
ஒன்பது நாள் வைத்துப் பாருங்கள் என்றேன்.
எல்லோரும் என்ன செய்வார்கள்?
ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து
திரைச்சீலைக்கு நிறம் ஒத்துப்போகிறதா என்பார்கள்.

யகோதா அந்த ரகம் இல்லை.
மறுபடி போனபோது
பையனின் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"பளிங்கு."
பீட்ரூட் சூப் கிண்ணத்தின் அடி
வட்டமாக, ஒரு பக்கம் கசிந்து, அப்படியே இருந்தது.
எலுமிச்சை பட்ட இடத்தில் மினுக்கம் செத்திருந்தது.
"இது எதையும் மறக்காது.
அப்படி ஓர் ஆள் ஏற்கெனவே இருக்கிறார் வீட்டில்."
யாரென்று நான் கேட்கவில்லை.

"எஃகு."
கறை இல்லை. வடு இல்லை. குறை சொல்ல வாய் வராது.
ஆனால் காலை ஏழு மணிக்கு
அதன்மேல் ஒரு கரண்டி விழுந்தால்
சுவருக்கு அந்தப் பக்கம்
இரவு முழுக்க கிரேன் ஓட்டிவிட்டு வந்து படுத்த ஓல்கியெர்த்
இன்னும் கப்பலடியில் நிற்பதாக எண்ணி
எழுந்து பூட்ஸ் தேடுகிறானாம்.

லாமினேட் தண்ணீர் குடித்து
ஓரத்தில் அப்பளமாய் உப்பியிருந்தது.
நடுவில் தோசைக்கல் வட்டத்தில் ஒரு கருகல்.
(அவர்கள் சுட்டது தோசையில்லை. இருந்தாலும் அதே வட்டம்.)

ஓக் மரத்தில்
கலினா தன் பெயரைத் தொடங்கியிருக்கிறாள்,
முதல் எழுத்தும் இரண்டாவதில் பாதியும்.
கத்தி பிடுங்கப்பட்ட இடம் தெரிகிறது.

குவார்ட்ஸ் வந்தபோது வந்த மாதிரியே இருந்தது.
எனக்கு லாபம் அதிகம் தருவதும் அதுதான்.
சொல்லத் தொடங்கினேன்:
எண்ணெய் இறங்காது, காபி பிடிக்காது...
"யார் அறுப்பது இதை?" என்றாள்.
நாங்கள்தான். தண்ணீர் பாய்ச்சி, முகமூடி போட்டு.
"முகமூடி வருவதற்கு முன்னால்?"
முன்னால் வியெஸ்வாவ் அறுத்தார்.
இந்த மாடிக்கு அவரால் இப்போது ஏற முடியாது.
இரண்டாம் மாடிக்குக்கூட.
கருங்கல்லிலும் அந்தத் தூசி உண்டு,
இதைவிடக் குறைவு. அதையும் சொன்னேன்.
பென்சிலை நோட்டின்மேல் படுக்க வைத்தாள்.
ஒன்றும் எழுதவில்லை.

ஆறாவது எங்கே?
கருங்கல், சாம்பல் நிறம், எண் நாற்பத்தொன்று.
சோபாவுக்கு அடியில் தேடினோம்.
இரட்டையர் ஒருவரையொருவர் காட்டிக் கொடுத்தார்கள்.
நான்கு வயது தீமொன் தன் பேன்ட் பையையே
வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு திராட்சை இருந்தது.

பிறகு அவளே நெற்றியில் அடித்துக்கொண்டு
பால்கனிக் கதவோரத்து ஜாடியைத் திறந்தாள்.
உப்புநீரில் அமுங்கிக் கிடக்கும் முட்டைக்கோஸ்,
அதன்மேல் தட்டு, தட்டின்மேல் அது.
"பாரத்துக்கு ஒரு கல் தேவைப்பட்டது."

புளிப்பில் எட்டு நாள் ஊறியிருக்கிறது.
விரலால் தடவிப் பார்த்தேன்:
எண் ஒட்டிய தாள் மட்டும் மிதந்து போயிருந்தது.

அடுப்பிலிருந்து தொட்டி வரை இதுவே போடுங்கள் என்றாள்.
ஜன்னலடியில் மாவு உருட்ட
ஒரு கை நீளத்துக்கு ஓக்.
"அங்கே அவள் மிச்சத்தை எழுதிக்கொள்ளட்டும்.
கேட்டுவிட்டு."

அளவெடுத்தேன்.
எந்த வீட்டிலும் சுவர் நேராக இருப்பதில்லை.
இங்கே மூலையில் பதினொரு மில்லிமீட்டர் இடைவெளி;
பசை வைத்து அடைப்பேன்,
அதற்குள்ளும் ரொட்டித் துகள் போகும்.
அது ஒப்பந்தத்தில் எழுதக்கூடிய விஷயம் இல்லை.

துண்டுகளைப் பைக்குள் போட்டபோது
ஜாடியை நோக்கிக் கை நீட்டினேன்.
"இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும்,
முட்டைக்கோஸ் பக்குவத்துக்கு வர."

கடைப் பதிவேட்டில் எழுதினேன்:
ஐந்து திரும்பின.
ஒன்று வேலையில் இருக்கிறது.